‘ஏழு மொழி பேசுகிறேன், எனக்கென்று ஒரு மொழி இல்லை’

கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் தெலுங்கு. அம்மா பிறந்த ஊர் தளிக்குப் பக்கம் என்பதால் பாட்டியோடு கன்னடம். ஊர்ப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழி, கல்லூரியில் ஆங்கிலம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். உடன் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களோடு பேசிப் பேசி இந்தியும் வந்துவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில் கிளை உள்ள சர்வதேச மொழி பயிலும் குழு ஒன்றில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் கூடுவார்கள். மற்ற நாட்களில் இரவு நேரத்தில் மெக்சிகோ, ஜப்பான், கொரியா உறுப்பினர்களோடு வீடியோவில் பேச்சு. ஸ்பானிஷ் நன்றாகவே பிடிபட்டுவிட்டது, ஜப்பானிய மொழி கொஞ்சம்.

புதியவர்கள் வரும்போதெல்லாம் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பெயர், நாடு, தாய்மொழி, கற்கும் மொழிகள். முதலில் ‘தமிழ்’ என்று சொல்லிவந்தார். ஒருநாள் அவர் அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்ட ஹைதராபாத்காரர் ஒருவர், “நீங்கள் தெலுங்குதானே, ஏன் மறைக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கூடவே, “இது என்ன தெலுங்கு, பாதி தமிழும் பாதி கன்னடமுமாக” என்று சிரித்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் ‘தெலுங்கு’ என்று மாற்றிச் சொன்னதும் கோயம்புத்தூர்த் தோழி, “அப்போ நீ தமிழ் இல்லையா?” என்றார். மெக்சிகோ நண்பர்களோ இவரைப் புதியவர்களுக்கெல்லாம் ‘ஏழு மொழிக்காரி’ என்று காட்டுகிறார்கள். அந்தப் பாராட்டுதான் எல்லாவற்றையும்விடச் சங்கடம் என்கிறார். “தெலுங்கில் ஒரு வரி எழுதத் தெரியாது. கன்னடம் பாட்டியோடு பேசுகிற அளவுதான். தமிழில் எழுதுவேன், ஆனால் கோபம் வந்தால் தமிழ் வராது. ஆங்கிலத்தில் மேலதிகாரியோடு பேச இன்னும் பயம். எல்லாமே அரைகுறை. ஊரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது.”

இன்னும் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும்போது சத்தமாகச் சிரிக்கிறாராம், எதிர்த்துப் பேசுகிறாராம். ஓசூர் பஸ்ஸில் ஏறியதும் பழையபடி வாயை மூடிக்கொள்கிறார். ‘இது மனப்பிளவா?’ என்று இணையத்தில் தேடிப் பயந்துபோயிருக்கிறார். அப்பா, “தாத்தா தெலுங்கில் எழுதிவைத்த கணக்கு நோட்டைப் படிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை, நீ எங்கேயோ இருக்கிற மெக்சிகோ பாஷையைப் படிக்கிறாய்” என்று திட்டுகிறார். இதற்கு நடுவில் தருமபுரிப் பக்கம் தமிழ் பேசும் குடும்பத்தில் ஒரு வரன் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஆனால் போனில் பேசும்போது, “நம்ம வீட்டில் தமிழ் போதும். குழந்தைக்குத் தமிழும் இங்கிலீஷும் போதும், அதுக்கு மேல குழப்ப வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் குழு மூலமாக மெக்சிகோவில் ஒரு குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கிவர இவருக்கு ஆசை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இவர் கேட்பது நான்கு. தாய்மொழி என்று எதைச் சொல்வது? சில மொழிகளை விட்டுவிட்டு ஒன்றையாவது முழுதாகக் கற்க வேண்டுமா? எனக்கு மனநோயா? இந்தக் கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லலாமா?

உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன் அம்மா. நோய் பற்றிய பயத்தோடு இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருப்பதில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை

‘தமிழ்’ என்று சொன்னதைப் பொய் என்று நினைத்து நீங்கள் உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எழுதப் படிக்க, கணக்குப் போட, கவிதை ரசிக்க, எனக்கு இந்தக் கடிதத்தை எழுத உங்களிடம் இருக்கும் மொழி தமிழ். அம்மா உங்களைத் தூங்கவைத்த மொழி தெலுங்கு. இரண்டும் உண்மை. ஒரே ஒரு மொழிக்குத்தான் அந்தக் கேள்வியில் இடம் இருந்தது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

நீங்கள் வாழும் மண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1792-இல் பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) 1799-இல் ஓசூர்ப் பக்கமும் மைசூரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. பிறகு சேலம் மாவட்டம். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம். இத்தனை முறை கோடு மாறியிருக்கிறது. உங்கள் தாத்தா தெலுங்கில் கணக்கு எழுதினார் என்பதற்காக அவரை வெளியூர்க்காரர் ஆக்க முடியாது. வேப்பனப்பள்ளியில் தெலுங்கும், தளியில் கன்னடமும், கிருஷ்ணகிரியின் பழைய தெருக்களில் உருதுவும் பேசிக்கொண்டு, சந்தையில் எல்லோரும் தமிழில் விலை பேசுகிற மாவட்டம் இது. கோயம்புத்தூர்த் தோழிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கேட்டதை வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒருநாள் ஊருக்கு அழைத்துவந்து காட்டுங்கள்.

மொழிக் குழுக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவற்றை நான் மதிக்கிறேன். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியை உருவாக்கி 1887-இல் வெளியிட்ட சமென்ஹோஃப் பிறந்த, இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் நகரில் யூதர்களின் இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும். அந்த மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் பகையாகப் பார்த்ததைச் சிறுவயதிலிருந்தே கண்டு மனம் நொந்துதான் அவர் பொதுமொழி ஒன்றைத் தேடினார். ஜப்பானில் 1981-இல் தொடங்கிய ஹிப்போ ஃபேமிலி கிளப்பில் பாடமும் தேர்வும் கிடையாது. குடும்பமாகக் கூடி, பல மொழிகளை ஒரே சமயத்தில் கேட்டும் பாடியும் விளையாடியும் பழகுகிறார்கள், ஒருவர் நாட்டில் ஒருவர் போய்த் தங்குகிறார்கள். நல்ல மனதோடு நடக்கும் காரியங்கள் இவை. ஆனால் ஒரே மொழி பேசும் வீட்டில் வளர்ந்து, பெரியவரான பிறகு மற்ற மொழிகளைத் தேடிப்போனவர்கள்தான் இப்படிப்பட்ட பல கூட்டங்களில் பெரும்பான்மை. அதனால் ‘தாய்மொழி ஒன்று, கற்ற மொழிகள் பல’ என்ற அச்சு தானாக வந்துவிடுகிறது. தெரிந்த மொழிகளுக்குக் கொடிகளைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் சில சந்திப்புகளில் உண்டு. தமிழுக்கு எந்தக் கொடி, தெலுங்குக்கு எந்தக் கொடி? உங்களைப் போன்றவர் அந்தக் கொடிகளை அடுக்கிய மேசை முன்னால் நின்று திகைப்பதற்கு மேசையை வைத்தவர்கள்தான் காரணம்.

அடுத்த கூட்டத்தில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “வீட்டில் தெலுங்கு, பாட்டியிடம் கன்னடம், படித்தது தமிழில், வேலையில் தமிழும் ஆங்கிலமும் இந்தியும்.” பத்து விநாடிதான் ஆகும். ஒருங்கிணைப்பாளரிடம், அறிமுகத்தில் ‘உங்கள் தாய்மொழி எது’ என்பதற்குப் பதில் ‘யாரோடு என்ன மொழி பேசுகிறீர்கள்’ என்று கேட்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். பிரேசிலில் பிறந்து ஜப்பானில் வளர்ந்தவர், கொரிய அம்மாவும் மெக்சிகோ அப்பாவும் உள்ளவர் என்று அந்தக் குழுவிலேயே உங்களைப் போல் விழிக்கும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களும் பெருமூச்சு விடுவார்கள்.

அரசுப் பதிவு வேறு விஷயம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்குத் தெளிவான விளக்கம் உண்டு: குழந்தைப் பருவத்தில் தாய் உங்களிடம் பேசிய மொழி. உங்களுக்கு அது தெலுங்கு. அதற்கு மேல் தெரிந்த மொழிகளில் இரண்டை எழுதிக்கொள்வார்கள். கணக்கெடுப்பாளர் உங்கள் ஊரையோ பெயரையோ பார்த்துத் தானாக நிரப்பக்கூடாது, நீங்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கு என்று எழுதினால் தமிழ்நாட்டில் ஏதாவது உரிமை போய்விடுமோ என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு பயம் தெரிகிறது. போகாது. மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 29-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. தாய்மொழி தெலுங்கு என்று பதிவாவதால் நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிடாது.

‘அரைகுறை’ என்று அளந்தது யார்?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தச் சொல்தான். ஏழு மொழியிலும் உங்களையே நீங்கள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியலாளர் 1980-களிலேயே இதை எடுத்துச் சொன்னார். இரண்டு மொழி பேசுகிறவர் என்றால், ஒரு மொழிக்காரர் இரண்டு பேர் ஓர் உடம்புக்குள் இருப்பதாக அர்த்தமில்லை என்றார். அவர் சொன்ன உதாரணம் தடை தாண்டும் ஓட்டக்காரர். அவரை நூறு மீட்டர் ஓட்டக்காரரோடு நிறுத்தினாலும் பின்தங்குவார், உயரம் தாண்டுகிறவரோடு நிறுத்தினாலும் பின்தங்குவார். ஆனால் அவர் பந்தயமே வேறு. ஒவ்வொரு மொழியும் நம் வாழ்க்கையில் ஒரு பகுதி வேலையைச் செய்கிறது, ஒரே வேலையை எல்லா மொழியும் செய்ய வேண்டிய அவசியமில்லை என்பது அவர் விளக்கம். நீங்கள் கோபத்தைத் தெலுங்கில் வைத்திருக்கிறீர்கள், அறிக்கையை ஆங்கிலத்தில், படிப்பைத் தமிழில். பாட்டியிடம் கன்னடத்தில் விடுகதை போடுவீர்களே, அதை ஆங்கிலத்தில் போட முடியாதது குறையா?

முன்பு ஸ்வீடனில் இப்படிப்பட்ட பிள்ளைகளை ‘அரைமொழிக்காரர்கள்’ என்று பெயரிட்டு ஒரு கருத்து பரவியது. எந்த மொழியும் முழுதாக வராத பிள்ளைகள் என்று பொருள். பிற்பாடு ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள், எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து அளந்த அளவு அது என்றார்கள். பள்ளியில் எந்த மொழிக்கு எழுத்துக் கிடைத்ததோ அதுதான் மொழி, மற்றதெல்லாம் பேச்சு என்ற எண்ணம் நம் ஊரிலும் ஆழமாக இருக்கிறது. உங்கள் தெலுங்கு அந்த எண்ணத்தில்தான் அடிபட்டிருக்கிறது.

ஹைதராபாத் நண்பருக்கு ஒரு வார்த்தை. ஓசூர்ப் பக்கத் தெலுங்கு தனி வழக்கு. தமிழோடும் கன்னடத்தோடும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வழக்கு. இந்த வட்டாரத் தெலுங்கிலேயே கதை எழுதியவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு வாசகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். ஹைதராபாத்தின் தெலுங்கிலும் உருது நிறையக் கலந்திருக்கிறது. கலக்காத மொழியை அவரும் பேசவில்லை. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள், ஆனால் சொல்லுங்கள். சிரித்தது வலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழி கற்க வந்தவர், தெரிந்தால் திருத்திக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

சரி, சில மொழிகளை விட்டுவிட வேண்டுமா என்றால், மூளை குழம்பிவிடும் என்ற காரணத்துக்காக விட வேண்டாம். நேரம் போதவில்லை, சலிப்பு வந்துவிட்டது என்றால் தாராளமாக விடுங்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தை உங்கள் குழுவிலும் பயன்படுத்துவார்கள், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை என்று. அதைப் பலர் மதிப்பெண் பட்டியலாக மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு மொழியில் கேட்கும் திறன் மேலேயும் எழுதும் திறன் கீழேயும் இருக்கலாம், பகுதித் திறனும் திறன்தான் என்பதை அந்த ஆவணமே ஏற்கிறது. ஒரு தாளில் ஏழு மொழிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். ‘யாரோடு’ என்று ஐந்தாவது கட்டமும் போடுங்கள். தெலுங்குக்கு எதிரே முதல் இரண்டு கட்டமும் நிறைந்து பின் இரண்டும் காலியாக இருக்கும். ஸ்பானிஷுக்கு நான்கிலும் கொஞ்சம் இருக்கும். அதில் எந்தக் காலிக் கட்டம் உங்களை உறுத்துகிறது என்று பாருங்கள். உறுத்தாத கட்டத்தை நிரப்ப ஓட வேண்டாம்.

‘ஏழு மொழிக்காரி’ பட்டம் பிடிக்கவில்லை என்றால் மெக்சிகோ நண்பர்களிடம் சொல்லிவிடலாம். அன்பால் செய்கிறார்கள், ஆனாலும் ஒரு மனுஷியை எண்ணிக்கையாகக் காட்டுவது சுமைதான். இந்தியாவில் 2011 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு மொழிகளாவது தெரியும், 7 பேருக்கு மூன்று தெரியும். உங்கள் கிராமத்துப் பால் சங்கத்தில் நிற்கும் பாதிப் பேர் மூன்று மொழியில் கணக்குக் கேட்பார்கள். அவர்களை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை. உங்களுக்கு அந்தப் பட்டம் ஒட்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்பானிஷில் சிரிக்கிற பெண்

சூசன் எர்வின்-ட்ரிப் என்ற அமெரிக்க ஆய்வாளர், அமெரிக்கர்களை மணந்து சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் வாழ்ந்த ஜப்பானியப் பெண்களிடம், பாதியில் நிற்கும் வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். ஒரே பெண்ணிடம் ஒருமுறை ஜப்பானிய மொழியில், ஒருமுறை ஆங்கிலத்தில். ‘என் விருப்பமும் குடும்பத்தின் விருப்பமும் மோதும்போது’ என்பது அதில் ஒன்று. ஜப்பானிய மொழியில் ‘மிகவும் துயரமான நேரம் அது’ என்கிற மாதிரி முடித்த பெண், ஆங்கிலத்தில் ‘நான் நினைத்ததைச் செய்வேன்’ என்கிற மாதிரி முடித்தார். 1960-களின் ஆய்வு. பிற்காலத்தில் அனெட்டா பாவ்லென்கோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் ‘மொழி மாறும்போது வேறு ஆளாக உணர்கிறீர்களா’ என்று கேட்டுக் கிடைத்த பதில்களை ஆராய்ந்தார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஆமாம் என்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் மனப்பிளவு இருக்க முடியாது அம்மா.

ஸ்பானிஷில் உங்களை யாரும் அடக்கி வளர்க்கவில்லை. ‘பொம்பளைப் பிள்ளை சத்தமாகச் சிரிக்காதே’ என்று ஸ்பானிஷில் உங்களிடம் யாரும் சொன்னதில்லை. ‘கல்யாணம் எப்போ’ என்று கேட்கவில்லை. அதனால் அந்த மொழியில் மூச்சு விட இடம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். வேலை, கடன் பற்றியெல்லாம் தமிழில் தெளிவாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அம்மா பேச்சு வந்ததும் குரல் மாறி, தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ உருதுவுக்கோ போய்விடுவார்கள். சிறுவயது மொழியில் உணர்ச்சி ஆழமாகப் பதிந்திருக்கும். பின்னால் கற்ற மொழியில் கூச்சம் குறைவு, தைரியம் அதிகம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. செய்த காரியம் நினைவில் இல்லாமல் மணிக்கணக்கில் நேரம் காணாமல் போவது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போவது, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுவது. இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. எப்போதாவது வந்தால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் அழைக்கலாம், இலவசம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய சேவை. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் பேசுகிறார்கள். எந்த மொழியில் அழ முடிகிறதோ அந்த மொழியைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். சிரிப்பும் எதிர்த்துப் பேசும் தைரியமும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இரவு வீடியோவுக்கும் மட்டும் என்று ஒதுங்கிவிட்டால், வாரத்தின் மிச்ச நாள் எல்லாம் காத்திருப்பாகவே போய்விடும். குழு அடைக்கலமாகி, வீடு அந்நியமாகும் ஆபத்து அதில் இருக்கிறது. ஸ்பானிஷில் சுலபமாகச் சொல்கிற ஒரு ‘முடியாது’வைத் தமிழிலும் சொல்லிப் பாருங்கள். சின்ன விஷயத்தில், வேலையிடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் தொடங்குங்கள்.

அப்பாவின் கோபம்

அப்பா ஸ்பானிஷை வெறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வார்த்தையைத் திரும்பப் படியுங்கள். அந்த நோட்டை அவராலும் படிக்க முடியாது. அவரும் தமிழ் வழியில் படித்தவர், தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவர் அப்பாவின் எழுத்து அவருக்கே எட்டவில்லை. அந்த வருத்தம் உங்கள் மேல் கோபமாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு அதிகக் காலம் பிடிக்காது. பேச்சு கையில் இருக்கிறது, எழுத்துதான் பாக்கி. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் நெருங்கிய உறவு. பெங்களூர் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கன்னட எழுத்து ஓரளவு பழகியிருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அப்பாவைச் சமாதானப்படுத்த மட்டும் என்றால் வேண்டாம், பாதியில் நின்றுவிடும். உங்களுக்கே ஆசை இருந்தால், அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்து, பழைய கணக்குக் குறிகள் இருக்கும், எழுத்துத் தெரிந்த பிறகும் தடுமாறும். ஓசூரில் தெலுங்கு வழிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது கிடைத்தால் உதவி கேளுங்கள்.

கல்யாணம், குழந்தை, மெக்சிகோ

மாப்பிள்ளை சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று அறியாமை, அதைத் தீர்க்கலாம். இன்னொன்று பிடிவாதமாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அறியாமை என்றது, பல மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்ற நம்பிக்கையை. படித்தவர்களும் சொல்கிறார்கள். மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் 1962-இல் வெளியிட்ட ஆய்விலேயே, இரண்டு மொழிப் பிள்ளைகள் அறிவுத் தேர்வுகளில் பின்தங்கவில்லை, முன்னே இருந்தார்கள் என்று காட்டினார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. குழந்தை ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்து பேசினால் அது நோயில்லை, நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? உண்மையிலேயே பேச்சுத் தாமதம் இருந்தால் ஒரு மொழியைக் குறைப்பதில் காலத்தைக் கழிக்காமல் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் போக வேண்டும்.

உங்கள் குழந்தைக்குத் தமிழ் தெருவிலிருந்து வரும், பள்ளியிலிருந்து வரும், அப்பா வீட்டார் அத்தனை பேரிடமிருந்தும் வரும். ஆங்கிலம் பள்ளியிலிருந்து வரும். தெலுங்குக்கு நீங்களும் உங்கள் அம்மாவும் மட்டும்தான். நீங்கள் பேசாவிட்டால் அது உங்களோடு நின்றுவிடும். அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துக்கொள்வது நல்ல வழிதான், ஆனாலும் எல்லா வீட்டிலும் பலிப்பதில்லை. குழந்தை பதிலைத் தமிழிலேயே சொல்லத் தொடங்கும். அப்போது மனம் விட்டுவிடாமல், பாட்டி வீட்டில் பள்ளி விடுமுறை, தினமும் தூங்கும் முன் ஒரு கதை என்று தெலுங்குக்கு நிலையான நேரம் வைக்க வேண்டும். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு வழிப் பள்ளிகள் உண்டு என்பதால், சட்டப்படி அந்த வழியும் திறந்தே இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. தருமபுரியில் குடியிருந்தால் அது நடைமுறைக்கு ஒத்துவராது, வீடுதான் பள்ளி.

ஆனால் 29-வது பிரிவையோ 350ஏ-வையோ மாமியார் வீட்டில் காட்ட முடியாது. அவை அரசுக்குச் சொல்லப்பட்டவை. சமையலறையில் உங்கள் அம்மாவோடு போனில் என்ன மொழியில் பேசுவது என்பதைச் சட்டம் தீர்க்காது. நீங்கள் இருவரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதுவும் இப்போதே.

‘சரி சொல்லலாமா’ என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அந்த மனிதரை எனக்குத் தெரியாது. ஒரு போன் பேச்சை வைத்து அவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். “குழப்ப வேண்டாம்” என்று அக்கறையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் மெக்சிகோவை மறைத்து நிச்சயம் செய்துகொண்டால், பிறகு தெரியவரும்போது மொழிப் பிரச்சினை நம்பிக்கைப் பிரச்சினையாகிவிடும். பயணத்தைப் பொறுத்தவரை தங்கப்போகும் குடும்பத்தோடு முன்கூட்டியே வீடியோவில் பேசுங்கள், முகவரியை வீட்டிலும் ஒரு தோழியிடமும் கொடுங்கள், திரும்பும் டிக்கெட்டும் காப்பீடும் உங்கள் பெயரில் உங்கள் கையிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நிச்சயத் தேதி குறிக்கும் முன் அவரை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர்கள் பக்கத்து அறையில் இருக்கட்டும், பேச்சில் நீங்கள் இருவர் மட்டும் போதும். மூன்று விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் அம்மாவோடும் என் குழந்தையோடும் நான் தெலுங்கு பேசுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் என் நண்பர்களும் தொடர்வார்கள். அடுத்த வருடம் ஒரு மாதம் மெக்சிகோ போக விரும்புகிறேன். சொல்லிவிட்டு அவர் பேசட்டும் என்று விடுங்கள். உடனே சரி என்று தலையாட்டுவதைவிட, ‘எனக்குப் புரியவில்லை, விளக்கிச் சொல்’ என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். அவருக்கு ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்றால் கொடுங்கள். ‘கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மூன்றையும் ஒரே வார்த்தையில் ஒதுக்கினால், தேதி குறிக்காதீர்கள். அப்பாவிடமும் அதையே சொல்லுங்கள், தெலுங்கிலேயே.